லூர்துவின் மன்றாட்டு

அம்புரோஸுக்குப் பார்ப்பதுதான் பிழைப்பாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டையும் பெட்டியும் இரும்புச் சுருளும் இறங்க இறங்க, ஓரமாக நின்று பார்த்து, எத்தனை இறங்கியது, எது கிழிந்தது, எது நசுங்கியது என்று குறித்துக்கொள்வார். கிழித்தவன் யார் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபோது அட்டையும் பேனாவும் போய்விட்டன. கண் மட்டும் வேலையை விடவில்லை.

ராயபுரத்தில் அந்தோணியார் சந்து என்றால் இருபத்தோரு வீடு. நடுவில் உள்ள மாடி வீடு அம்புரோஸுடையது. தினமும் காலை ஆறரைக்குப் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறுவார். நாலே நாலு தொட்டி. அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தச் சந்துக்காரர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவர்கள். சாவு வீடு என்றால் முதலில் ஓடுகிறவர்கள். ஆனால் கையிலே வாயிலே இருக்கும் சின்னச் சின்னக் கொடுமைக்குப் பஞ்சமே இல்லை. இஸ்திரி வண்டி அமீருதீன் பாய்க்குக் காது மந்தம், காதில் மிஷின் வைத்திருக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்கள் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைப்பார்கள். மிஷின் கெட்டுவிட்டது போல என்று அவர் அதைக் கழற்றித் தட்டிப் பார்ப்பார். உடனே சுற்றி நிற்பவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வருஷக்கணக்காக இதே விளையாட்டு, பாயும் வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறும் ஒடிசாக்காரருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மீன் விற்கும் குப்பம்மா படியில் உட்கார்ந்து எழுந்தால், அவள் கூடையைத் தலையில் ஏற்றுவதற்குள் படிக்குப் பினாயில் வந்துவிடும். அவளிடம் வாங்கிய வஞ்சிரம் மட்டும் உள்ளே மணக்க மணக்கக் கொதிக்கும்.

இதையெல்லாம் அம்புரோஸ் பார்ப்பார். மனசு கஷ்டப்படும். கீழே வந்து காப்பி குடிப்பார், கஷ்டம் போய்விடும்.

சந்தைக் கூட்டிக் குப்பை அள்ள வருகிறவள் வேம்பு. வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவாள். ஒப்பந்த வேலை. தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மறுபேச்சு கிடையாது, நின்றுவிட வேண்டியதுதான். புருஷன் இல்லை. மகள் சங்கமித்ரா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அந்தப் படிப்பு இந்த விளக்குமாற்றில்தான் நடக்கிறது. வேம்பு டீ குடிக்கும்போது பன்னைப் பிய்த்து ஒரு தெரு நாய்க்கும் போடுவாள். செம்பட்டை நிறம், எலும்பு தெரியும் பெட்டை நாய். அதற்கும் பன்னு என்றே பெயர் வைத்திருந்தாள். அவள் வேலை முடிகிறவரை அது பின்னாலேயே போகும்.

எதிர்வீடு செல்வநாதனுடையது. துறைமுகத்தில் கிரேன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்துக்கே பெரிய மனிதர். அவர் மனைவி பவுனம்மாளுக்கு மணிக்கட்டு வலி என்பதால் காலையில் சோறு வடிப்பது அவர் வேலையாகிவிட்டது. வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துவந்து வாசல் கால்வாயில் ஊற்றுவார். கால்வாய் மூடிமேல் பன்னு படுத்திருக்கும். அதன் வாலுக்கு நாலு விரற்கடை தள்ளி ஊற்றுவார், அது துள்ளிக்கொண்டு ஓடும். "இன்னாடி, குளிச்சியா?" என்று கேட்டுச் சிரிப்பார். வீட்டில் உள்ளவர்களும் சிரிப்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. செல்வநாதன் சட்டியோடு படியிறங்குவதை அம்புரோஸ் மாடியிலிருந்து பார்த்தார். நாய் நல்ல தூக்கத்தில் இருந்தது. வேம்பு பக்கத்தில்தான் கூட்டிக்கொண்டிருந்தாள். கை தவறியதோ, வாலுக்குத் தள்ளி ஊற்றி ஊற்றி அலுத்துப்போயிற்றோ, கஞ்சி நேராக முதுகில் விழுந்தது. அப்படி ஒரு ஓலத்தை அந்தச் சந்து கேட்டதில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த லூர்து, அம்புரோஸின் மனைவி, ஓடிவந்து கைப்பிடிச் சுவரோரம் அவர் பக்கத்தில் நின்றாள். நாய் திரும்பிச் செல்வநாதனின் கெண்டைக்காலைக் கவ்வியது. வேம்பு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுபறியில் சட்டியில் மிச்சமிருந்த கஞ்சி அவள் முழங்கையிலிருந்து விரல்வரை வழிந்தது. அவள் கத்தவில்லை. நாயை இழுத்துக்கொண்டுபோய் அமீருதீன் பாயின் வண்டிக்கு அடியில் தள்ளினாள்.

கத்தியது செல்வநாதன்தான். "நாய ஏவி உட்டுட்டா. எல்லாரும் பாருங்க, ஏவி உட்டுட்டா."

எல்லோரும் வந்து பார்த்தார்கள். ரத்தம் வழிகிற கால் தெரிந்தது. வெந்த கையை வேம்பு முந்தானையில் சுற்றிக்கொண்டதால் அது யாருக்கும் தெரியவில்லை. அம்புரோஸ் லூர்துவின் தோளைத் தொட்டு, "வா, உள்ள போலாம்," என்றார்.

அன்று சாயங்காலமே கட்டுப்போட்ட காலோடு செல்வநாதன் வந்துவிட்டார். "அம்புரோசு, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு லெட்டர் போடு. ஞாயித்துக்கிழம நம்ம வூட்லதான அன்பியம், அங்கயே எல்லார் கையெழுத்தும் வாங்கிடலாம். திங்கக்கிழம சூப்பர்வைசர் வர்றான்."

"ஏவி உட்டான்னு போடணுமா?"

"பின்ன இன்னா, நான் போயி நாய கடிச்சேன்னா போடுவ?"

அம்புரோஸ் எழுதினார். ஏன் எழுதினார் என்றால் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கொரோனா சமயத்தில் அவருடைய அண்ணன் இறந்தபோது, சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத நேரத்தில், பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த ஒரே ஆள் செல்வநாதன். அதை எப்படி மறப்பது? மனுஷன் ஒரு பக்கம் தங்கம், இன்னொரு பக்கம் கொதிக்கிற கஞ்சி. 'மேற்படி வேம்பு என்பவர் வெறிபிடித்த நாயை வளர்த்து, அதை ஏவிவிட்டு' என்று வளைத்து வளைத்து எழுதியபோது அம்புரோஸின் கை நடுங்கவில்லை. அதை நினைத்துப் பிறகு அவரே கூசினார்.

மேஜைமேல் இருந்த கடிதத்தை லூர்து படித்தாள். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"வேம்பு கைய பாத்தீங்களா?"

"நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றார் அம்புரோஸ்.

லூர்து துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் சுபாவமே அப்படி. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று அம்புரோஸ் நினைத்திருந்தார்.

அன்பியம் என்பது கோவில் பங்கைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. அந்தச் சந்தின் அன்பியத்துக்கு அம்புரோஸ்தான் செயலர். பாட்டு, வாசகம், அப்புறம் மன்றாட்டு. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லி மன்றாட, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். இந்த மன்றாட்டில்தான் ஒரு காலத்தில் பெரிய வில்லங்கம் இருந்தது. "அடுத்தவர் வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துவோருக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஒருவர் மன்றாட, "வாசலை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைப்போருக்காக" என்று இன்னொருவர் குறுக்கே புகுந்து மன்றாட, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னாலேயே நாற்காலி பறந்தது. அதற்குப் பிறகு அம்புரோஸ் இரண்டு ஏற்பாடு செய்தார். மன்றாட்டுகளைத் தானே ஐந்து சீட்டில் எழுதி ஐந்து பேரிடம் கொடுத்துவிடுவார். ஒருவர் மன்றாடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, முடித்ததும் எல்லோரும் பதில் சொல்லியே தீரவேண்டும். நல்ல சட்டம்தான். சீட்டில் உள்ளதை மட்டுமே படிக்கவேண்டும் என்று சொல்ல மறந்துபோனார். படிக்கக் கொடுத்ததைப் படிக்காமல் வேறு என்ன செய்துவிடப் போகிறார்கள்?

ஞாயிறு சாயங்காலம் செல்வநாதன் வீட்டுக் கூடத்தில் இருபது இருபத்தைந்து பேர். செல்வநாதன் கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்திருந்தார். பவுனம்மாள் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே பஜ்ஜி எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடிதம் அம்புரோஸின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஜெபம் முடிந்ததும் கையெழுத்து, அப்புறம் டீ.

திருச்சபைக்காக ஒருவர் படித்தார். நாட்டை ஆள்வோருக்காக ஒருவர், கடலுக்குப் போனவர்களுக்காக ஒருவர், படிக்கிற பிள்ளைகளுக்காக ஒருவர். ஐந்தாவது சீட்டு, நோயாளிகளுக்காக, எப்போதும்போல லூர்துவிடம் இருந்தது. அவள் எழுந்தாள். சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அம்புரோஸ் அதைப் பார்த்தார், என்ன என்று விளங்கவில்லை.

"நோயாளிகளுக்காக," என்று ஆரம்பித்தாள். குரல் மெலிதாக நடுங்கியது. "நாய் கடிச்சு அவதிப்படுற செல்வநாதன் அண்ணன் கால் சீக்கிரமா ஆறணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கூடம். செல்வநாதன் திருப்தியாகக் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அதே சட்டிக் கஞ்சி கொட்டி, அதே நேரத்துல கை வெந்துபோன வேம்புவுக்காக. அந்தக் கையோட இந்த ஆறு நாளும் நம்ம தெருவ அவ கூட்டிகினு கீறா. அவ கை ஆறணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பழக்க தோஷம், பதில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் தலைகள் நிமிர்ந்தன. செல்வநாதன் வாயைத் திறந்தார். சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"தோலு உரிஞ்சி பாய் வண்டி அடியில படுத்துகினு கீற அந்த நாய்க்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஆனாலும் பாதிப் பேர் பதில் சொன்னார்கள். அம்புரோஸுக்குக் காது சூடாயிற்று. உட்கார் என்று கண்ணால் சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. குரல் நடுக்கம் இப்போது நின்றிருந்தது.

"அண்ணன் தெனிக்கும் சட்டியோட வெளிய வர்றத மேலருந்து நான் பாத்துகினேதான் இருந்தேன். அந்த வாயில்லா ஜீவன் துள்றத பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. வேணாம்ணான்னு நான் ஒருநாள் சொல்லல. மொதல்ல என்ன மன்னிச்சிக்கோ ஆண்டவரே. அன்னிக்கு வேம்பு நாய ஏவல. கழுத்த புடிச்சி இழுத்தா. அவ இழுக்கலன்னா அண்ணன் காலு இன்னும் நாஸ்தியாயிருக்கும். அத நான் பாத்தேன். என் பக்கத்துல நின்னு எங்க வூட்டுக்காரரும் பாத்தார். பாத்துட்டும் பொய்யா ஒரு காயிதம் எழுதி இந்தப் புஸ்தகத்துல வெச்சிகினு கீறார். அவரு கெட்டவரு இல்ல, பயந்தவரு. அந்தக் காயிதத்துல கையெழுத்து போடாத தைரியத்த எங்க எல்லாருக்கும் குடுக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. பதிலுக்காக நின்றாள்.

பதில் வரவில்லை. இத்தனை பேர் குனிந்து தரையைப் பார்ப்பதை அம்புரோஸ் எந்தத் தவக்காலத்திலும் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்துக்கே எதிரில் மானத்தை வாங்கிவிட்டாள். ஆனால் வந்தது கோபம் இல்லை. வெளிர்நீலப் புடவையில், காலண்டர் கயிறுபோல மெலிந்த இந்தப் பொம்பளை, சந்தில் ஒருவரும் குறுக்கே பேச முடியாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அதில் ஏறி நின்றுகொண்டிருக்கிறாளே என்று பிரமிப்பாக இருந்தது. அதுவும் அவரே போட்ட சட்டத்தின் மேல். எழுந்து நின்று சலாம் வைக்கலாம் போல இருந்தது. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. பவுனம்மாள். கையில் பஜ்ஜிக் கரண்டி, கண் புருஷன்மேல்.

இரண்டாவதாகச் சொன்னது அம்புரோஸ். அப்புறம் ஒன்று ஒன்றாக வந்தது, கடைசியில் கூடம் முழுவதும் வந்தது. செல்வநாதன் மட்டும் சொல்லவில்லை.

"என் வூட்லயே ஒக்காந்துகினு எனக்கே ஜெபமா?" என்று கேட்டார்.

"உங்க காலுக்கும் சேத்துதாண்ணே ஜெபிச்சேன்," என்றாள் லூர்து. அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே ஜெபித்திருந்தாள்.

அம்புரோஸ் புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்தார். "நான் எழுதினது தப்பு," என்று சொல்லி இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். போட இடம் தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பவுனம்மாள் எல்லோருக்கும் பஜ்ஜியும் டீயும் கொடுத்தாள். லூர்துவின் தட்டில் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது. செல்வநாதன் டீயைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்புரோஸ் மாடிக்குப் போகவில்லை. நேராகத் தெருவில் இறங்கினார். நல்ல செய்தியைத் தன் வாயாலேயே வேம்புவிடம் சொல்லவேண்டும் என்று ஆசை. இரவெல்லாம் யோசித்ததில், இரண்டாவது குரல் என்றாலும் அது இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்குக்கு வந்திருந்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேம்பு குப்பை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இடது கையால் கூட்டினாள்.

"வேம்பு, அந்த லெட்டர கிழிச்சி போட்டாச்சு. உன் வேலைக்கு ஒண்ணியும் ஆவாது."

"தெரியும்ணா. பவுனம்மாக்கா விடியறதுக்குள்ள வந்து சொல்லிட்டாங்க. லூர்து அக்காதான் பேசினாங்களாமே. அவங்க நல்லா இருக்கணும்." அவள் கண் கலங்கியது.

அம்புரோஸ் கொஞ்சம் தயங்கினார். "நானும்தான் சொன்னேன். அன்னிக்கு மேலருந்து நானும் பாத்தேன், வேம்பு."

"அதுவும் தெரியும்ணா," என்றாள். கூட்டுவதை நிறுத்தினாள். "அன்னிக்கு நான் உங்களுக்கு வணக்கம் வெச்சேன். நீங்க என்ன பாக்கல. எனக்குப் பின்னாடி அவர் சட்டியோட வர்றத பாத்துகினு இருந்தீங்க. உங்க மொகத்துல ஒண்ணும் தெரில, அதனால நானும் திரும்பல. ஒரு கொரல் குடுத்திருந்தீங்கன்னா பன்னுவ இழுத்துகினு ஓடியிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தது, நனைந்தேன் என்பதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷமாகத் தான் மட்டும்தான் மற்றவர்களைப் பார்ப்பதாக அம்புரோஸ் நினைத்திருந்தார்.

"அப்ப சூப்பர்வைசர் கேட்டிருப்பாரே, யாருன்னா பாத்தாங்களான்னு," என்றார்.

"செல்வநாதன் அண்ணன் போன் போட்டு சொல்லிட்டாராம், அன்னிக்கே என்ன கூப்ட்டு கேட்டாரு. சாட்சி இருந்தா சொல்லு, உன்ன காப்பாத்தி உடறேன்னாரு."

"என் பேர சொல்லியிருக்கலாமே, வேம்பு?"

"ஒருத்தரும் பாக்கலன்னுட்டேன்." வேம்பு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையில் அவிழ்ந்த துணியைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். "நான் காலீல வந்துட்டு மத்தியானம் போயிடுவேன். இந்த வேல இல்லன்னா இன்னொரு வேல தேடிக்கலாம். நீங்க அவர் எதிர்லயே குடியிருக்கணும். என்னால உங்களுக்கு இன்னாத்துக்குணா பேஜாரு?"

அம்புரோஸுக்கு முகம் எரிந்தது. "மன்னிச்சிக்கம்மா," என்றார். அந்தச் சந்தில் நின்று, சத்தமாகவே சொன்னார்.

"உடுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு வேம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், செல்வநாதன் வீட்டு வாசலில் நின்று குப்பைக்குக் குரல் கொடுத்தாள்.